ஒரு நாழிகை யோகம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தொண்டைநாட்டுத் திவ்யதேசங்களுள் ஒன்றான திருக்கடிகை, இக்காலத்தில் சோளிங்கபுரம் என்றும் சோளிங்கர் என்றும் வழங்கப்பெறுகிறது. பெரிய மலையில் யோக ந்ருஸிம்ஹனாக எம்பெருமானும், எதிரே சிறிய மலையில் யோக ஆஞ்சநேயனாக அவனது முதல் தொண்டனும் வீற்றிருக்கின்றனர். கடிகை என்னும் சொல்லுக்கு நாழிகை என்பது பொருள். நாழிகையாவது 24 நிமிஷம். சப்தரிஷிகள் இம்மலையில் ஒரு கடிகைப் பொழுதே தவமிருந்து எம்பெருமானின் திருக்காட்சியைப் பெற்றனர் என்று ஸ்தல வரலாறு கூறும். ஒரு நாழிகை மனம் ஒன்றி இங்கே தங்கினாலே பேறு கிட்டும் என்பது ஆன்றோர் நம்பிக்கை.

ஒரு நாழிகைதானே, எளிதன்றோ என்று தோன்றலாம். ஆயின் பெரிய மலையின் 1,305 படிகளைக் கடந்து ஸந்நிதியை அடையும் அன்பரின் நிலையைச் சற்றே எண்ணிப் பார்த்தல் தகும். முழங்கால் நோகிறது; மூச்சு இரைக்கிறது; நெஞ்சு படபடக்கிறது. எம்பெருமானுக்கு நேரே கண்கள் இருக்கின்றன. மனமோ அடிவாரத்தில் விட்டு வந்த செருப்பையும், திரும்பிச் செல்ல வேண்டிய பஸ்ஸையும், வீட்டுக் கவலையையும் சுற்றித் திரிகிறது. கற்பூர ஆரத்தி காட்டித் திரையும் இட்டாயிற்று. ஊர் விட்டு ஊர் வந்து, பொருள் செலவிட்டு, உடல் வருந்திப் பெற்ற ஸேவை, உள்ளத்தில் பதியாமலே போயிற்று. ஒரு நாழிகை உடலையும் மனத்தையும் ஓரிடத்தில் நிறுத்துவது எத்துணை அரியது என்பது அப்பொழுது விளங்கும். அவ்வரிய செயலுக்கு முன்னோர் கண்ட பயிற்சியே யோகம்.

கண்ணன் காட்டிய அளவு

யோகம் என்றால் காட்டுக்குச் சென்று கடுந்தவம் புரிவதே என்று பலர் அஞ்சுவர். தேர்த்தட்டிலே நின்று அர்ஜுனனுக்குக் கீதையை அருளிய கண்ணனோ, ஆறாம் அத்யாயத்தில் யோகத்தை நடுநிலை வழியாகவே காட்டியருளினான். மிகுதியாக உண்பவனுக்கும் யோகம் கைகூடாது. உண்ணாமலே கிடப்பவனுக்கும் கைகூடாது. உறக்கத்திலே மூழ்கியவனுக்கும் இல்லை; உறக்கத்தை முற்றும் ஒழித்தவனுக்கும் இல்லை. உணவு, நடமாட்டம், தொழில், உறக்கம், விழிப்பு ஆகிய யாவும் அளவோடு அமைந்தவனுக்கே யோகம் துன்பத்தைத் துடைக்கும் மருந்தாகிறது என்பது அவன் திருவுள்ளம். அமரும் இடம் தூயதாயும், மிக உயராமலும் மிகத் தாழாமலும் இருத்தல் வேண்டும் என்பதையும், உடலும் தலையும் கழுத்தும் நேராக நிற்க வேண்டும் என்பதையும் கூட அவன் விட்டுவிடவில்லை. ஸர்வேச்வரன் ஓர் ஆசனத்தின் உயரத்தைப் பற்றி உபதேசித்தான் என்றால், உடலின் நிலைக்கும் உள்ளத்தின் நிலைக்கும் உள்ள தொடர்பை அவன் எவ்வளவு முக்கியமாகக் கொண்டான் என்பது வெளிப்படை.

அதைக் கேட்ட அர்ஜுனன், மனம் காற்றைப் போன்றது, அதைப் பிடிப்பது எவ்வாறு என்று முறையிட்டான். வில்லாளிகளில் தலைசிறந்தவனும், குறி தவறாதவனுமான அவனே தன் மனத்தைப் பிடிக்க இயலாதென்று சொன்னது ஸம்ஸாரிகள் அனைவருக்கும் ஓர் ஆறுதல். கண்ணன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. மனம் அடங்காததுதான் என்று ஒப்புக்கொண்டு, இடைவிடாத பயிற்சியாலும் பற்றின்மையாலும் அது வசப்படும் என்று அருளினான். இடையிலே தளர்ந்து விட்டவனும் கெட்டொழிவதில்லை என்று உறுதியும் கொடுத்தான். யோகத்தில் தோல்வி என்பதே இல்லை; விட்ட இடத்திலிருந்து தொடங்குதலே உண்டு.

அனந்தனை நினைத்து அமர்தல்

யோக சூத்ரங்களை நான்கு பாதங்களாக இயற்றியவர் பதஞ்ஜலி முனிவர். அவரை ஆதிசேஷனின் அம்சமாகக் கொள்வது பெரியோர் வழக்கு. சித்தத்தின் அலைகள் அடங்குதலே யோகம் என்பது அவருடைய துணிபு. யமம், நியமம், ஆசனம், ப்ராணாயாமம், ப்ரத்யாஹாரம், தாரணை, த்யானம், ஸமாதி என அதற்கு எட்டு அங்கங்களை வகுத்தார். கொல்லாமை, வாய்மை, கள்ளாமை முதலியன முதற்படியாக அமைந்தன. ஆசனம் மூன்றாம் படியே. பிறரைத் துன்புறுத்திக்கொண்டும் பொய் பேசிக்கொண்டும் உடலை மட்டும் வளைப்பவன், முதல் இரண்டு படிகளை விட்டு மூன்றாம் படியில் காலை வைப்பவன் ஆவான்.

யோகத்துக்கு இடையூறுகள் ஒன்பது என்று எண்ணிய அம்முனிவர் நோயை முதலில் வைத்தார். மனச்சோர்வு, ஐயம், கவனமின்மை, சோம்பல், விஷயப் பற்று, திரிபுணர்வு, நிலையை எட்டாமை, எட்டிய நிலையில் தரியாமை என்பன ஏனையவை. இவை உள்ளவிடத்தில் துக்கமும், மனக்கசப்பும், உடல் நடுக்கமும், ஒழுங்கற்ற மூச்சும் உடன் தோன்றும் என்றும் குறித்தார். கவலை கொண்டவன் கை நடுங்குவதையும் பெருமூச்சு விடுவதையும் எவரும் காண்கின்றனர். மனம் கலங்கினால் மூச்சு கலங்கும். ஆகவே மூச்சைச் சீர்செய்தால் மனமும் சீர்படும். யோக சாஸ்த்ரம் முழுவதும் இந்த ஒரு கதவின் வழியாகவே உட்புகுகிறது எனலாம்.

ஆசனம் என்பது நிலையாகவும் ஸுகமாகவும் இருத்தல் வேண்டும் என்று கூறிய பதஞ்ஜலி, அது ஸித்திக்க வழியும் சொன்னார்: முயற்சியின் இறுக்கத்தைத் தளர்த்துதல், அனந்தனிடம் மனத்தை வைத்தல். வைஷ்ணவர்களுக்கு இதைவிட இனிய செய்தி எது? உலகைத் தாங்கியும் அசையாதவன் அனந்தன். எம்பெருமான் கண்வளர மென்மையான பள்ளியாகவும் இருப்பவன் அவனே. உறுதியும் மென்மையும் ஒருங்கே கூடிய அவனை நினைந்து அமர்வதே ஆசனத்தின் முழுமை. திருவரங்கத்தில் அரவணையைக் கண்ட அன்பர் ஒருவர் தம் வீட்டில் கண்மூடி அமரும்பொழுது, அவ்வணையின் நிலையே தம் உடலுக்கும் வாய்க்க வேண்டும் என்று பாவிக்கலாம்.

இரு சிஷ்யர்கள்

யோகத்துக்கும் ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்துக்கும் உள்ள உறவு, முதலாசாரியரான நாதமுனிகளிடமிருந்தே தொடங்குகிறது. காட்டுமன்னார்கோயில் என்று வழங்கும் வீரநாராயணபுரத்தில் அவதரித்த அம்மஹான், நாலாயிர திவ்யப்ரபந்தத்தை மீட்டுத் தந்தவர். சிறந்த யோகியும் ஆவார். திருக்குருகூரில் புளியமரத்தடியில் பதினாறு ஆண்டுகள் யோகத்தில் எழுந்தருளியிருந்த நம்மாழ்வாரை, யோக தசையிலேயே ஸாக்ஷாத்கரித்து ப்ரபந்தங்களைப் பெற்றார் என்று குருபரம்பரை கூறும். அவர் இயற்றிய யோகரஹஸ்யம் என்னும் நூல் மறைந்துவிட்டது.

நாதமுனிகளின் சிஷ்யர்களுள் குருகைக் காவலப்பன் யோகத்தை விரும்பிப் பெற்றார். உய்யக்கொண்டாரை நோக்கி, நீரும் யோகத்தைப் பெறுகிறீரோ என்று ஆசாரியர் வினவிய பொழுது, உலகோர் துயரில் கிடக்கையில் தாம் மட்டும் தனித்து ஆநந்தம் நுகர்வது தகுமோ என்னும் கருத்துப்பட அவர் விண்ணப்பித்தார். நாதமுனிகள் உள்ளம் குளிர்ந்தார். ப்ரபந்தத்தையும் அதன் பொருளையும் பரப்பும் பணி உய்யக்கொண்டாருக்கு வாய்த்தது.

பின்னர், நாதமுனிகளின் திருப்பேரனாரான ஆளவந்தார், யோகரஹஸ்யத்தைப் பெற விரும்பிக் குருகைக் காவலப்பனிடம் சென்றார். அவர் யோகத்தில் இருந்தமையால் கலைக்க மனமின்றிச் சுவரின் பின்னே ஓசையின்றி நின்றார். காவலப்பனோ யோகத்தினின்று எழுந்து, சொட்டைக் குலத்தவர் எவரேனும் வந்திருக்கிறாரோ என்று கேட்டார். ஆளவந்தார் வியந்து, அறிந்தது எவ்வாறு என்றார். தாம் எம்பெருமானை அநுபவித்துக் கொண்டிருக்கையில், பிராட்டியிடத்தும் திரும்பாதவன், தம் கழுத்துக்கு மேலாகப் பலமுறை எட்டிப் பார்த்தான். நாதமுனிகளின் குலத்தவரிடம் அவனுக்குள்ள அன்பு தவிர இதற்கு வேறு காரணம் இராது என்று மறுமொழி கூறினார். யோகரஹஸ்யத்தை உபதேசிக்க ஒரு நாளையும் முஹூர்த்தத்தையும் குறித்து எழுதிக் கொடுத்தார்.

ஆளவந்தார் திருவரங்கம் திரும்பினார். அரையர் திருவாயால் திருவனந்தபுரத்துப் பாசுரத்தைக் கேட்டு, அப்பெருமானை ஸேவிக்கும் ஆவல் மீதூர, உடனே புறப்பட்டார். அனந்தபுரத்தில் ஸேவித்து நிற்கையில் அவ்வோலை நினைவுக்கு வர, எடுத்துப் பார்த்தார். குறித்த நாள் அன்றே! பறந்து செல்லப் புஷ்பக விமானம் இல்லையே என்று வருந்தினார். அந்நாளிலேயே காவலப்பன் பரமபதம் எய்தினார் என்பர். யோகரஹஸ்யம் அவரோடு நின்றுவிட்டது.

இவ்வரலாறு உள்ளத்தை உருக்கும். அரிய ஒரு செல்வம் ஒரு நாள் தவறியதால் மறைந்தது. எனினும் அந்நாளில் ஆளவந்தார் வீணே கழிக்கவில்லை. எம்பெருமான் திருமுன்பே நின்றிருந்தார். ஒருவருக்கு மட்டும் உரிய யோகம் மறைந்தது. உய்யக்கொண்டார் வழிவந்த, எல்லோருக்கும் உரிய சரணாகதி நெறி நிலைத்தது.

ப்ரபந்நனுக்கு யோகம் எதற்கு?

ஆகவே ஓர் ஐயம் எழுவது இயல்பு. எம்பெருமான் திருவடியே உபாயம் என்று பற்றியவனுக்கு உடற்பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் எதற்கு? தன் முயற்சியில் நம்பிக்கை வைப்பது ப்ரபத்திக்கு முரண் அன்றோ?

முரண் ஆகாது, யோகத்தை மோக்ஷத்துக்கு உபாயமாகக் கொண்டாலன்றோ அவ்வையம்! ப்ரபந்நனுக்கு அது உபாயம் அன்று, கைங்கர்யத்துக்குத் துணை. ஜீவன் எம்பெருமானுக்குச் சேஷப்பட்டவன் என்றால், அவன் குடியிருக்கும் உடலும் எம்பெருமானின் உடைமையே. பெருமாளின் தேரைப் பழுது பார்க்காமல் விடுபவன் தொண்டன் ஆகான். அச்சு தேய்ந்து, வடம் இற்றபின் தேரோட்டத்தன்று வருந்திப் பயனில்லை. உடலாகிய தேரும் அத்தகையதே. கோலமிடக் குனிய வேண்டும். மாலை தொடுக்க விரல் வேண்டும். பெருமாளை எழுந்தருளப் பண்ணத் தோள் வேண்டும். ப்ரபந்தம் ஸேவிக்க மூச்சு வேண்டும். பகவத் ராமாநுஜர் திருமந்த்ரப் பொருள் வேண்டித் திருவரங்கத்தினின்று திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார் என்பதைக் கேட்டு மகிழ்வோர், அந்நடைக்குத் துணைநின்ற திருமேனியையும் நினைத்தல் தகும்.

அவ்வெம்பெருமானாரே ஸ்ரீபாஷ்யத்தில், த்யானத்துக்கு அமர்ந்த நிலையே ஏற்றது என்று நிறுவினார். நிற்கவும் நடக்கவும் முயற்சி வேண்டும். படுத்தாலோ உறக்கம் வரும். ஆதலால் அமர்தலே தக்கது என்பது அவர் காட்டிய நடைமுறைக் காரணம். பக்திக்கு உறுப்பாக ஏழு ஸாதனங்களையும் எடுத்தோதினார். தூய உணவால் உடல் தூய்மை பெறுதல், ஆசைக்கு ஆட்படாமை, இடைவிடாப் பயிற்சி, கடமைகளைச் செய்தல், வாய்மை தயை முதலிய நற்பண்புகள், சோர்வுக்கு இடங்கொடாமை, பெருங்களிப்புக்கும் இடங்கொடாமை என்பன அவை. இறுதி இரண்டும் மனநலத்தின் ஸாரம். துன்பத்தில் துவளாமலும் இன்பத்தில் துள்ளாமலும் நிற்கும் உள்ளமே பக்தி நிலைபெறும் நிலம்.

உடலுக்கு வரும் நன்மை

20ஆம் நூற்றாண்டில் யோகத்தை உலகெங்கும் பரவச் செய்த பெருமை, ஒரு ஸ்ரீவைஷ்ணவரைச் சாரும். நாதமுனிகளின் வழித்தோன்றல் என்று தம்மைக் கூறிக்கொண்ட திருமலை கிருஷ்ணமாசார்யர் 1888இல் கர்நாடக தேசத்தில் பிறந்து, 1989இல் சென்னையில் நூறு பிராயம் கடந்து திருநாடு எய்தினார். இளமையில் ஆழ்வார்திருநகரியில் தமக்கு நாதமுனிகளின் யோகரஹஸ்யம் ஸ்வப்னம் போன்றதொரு நிலையில் கிடைத்தது என்று அவர் கூறியதுண்டு. மைசூர் மஹாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் 1933 முதல் ஜகன்மோஹன அரண்மனையில் யோகசாலை நடத்தினார். பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் அவரிடம் பயின்றவர்களே. ஒவ்வோர் அசைவையும் மூச்சோடு இணைத்தல், அவரவர் வயதுக்கும் வலிவுக்கும் ஏற்பப் பயிற்சியை மாற்றித் தருதல் ஆகிய இரண்டும் அவர் முறையின் சிறப்புகள். ஐக்கிய நாடுகள் ஸபை 2014இல் தீர்மானம் இயற்றி, ஜூன் 21ஆம் நாளை உலக யோக தினமாக அறிவித்தது. 2015 முதல் அது கொண்டாடப்படுகிறது.

இக்கால வைத்தியர்களும் யோகத்தின் பயன்களை ஆராய்ந்து வருகின்றனர். முறையாகப் பயின்றால் மூட்டுகளின் விறைப்புக் குறைகிறது. தசைகள் வலுவும் நெகிழ்வும் பெறுகின்றன. நாட்பட்ட இடுப்பு வலி ஓரளவு தணிகிறது. முதியோர்க்கு உடல் சமநிலை தேறி விழும் அச்சம் குறைகிறது. ரத்த அழுத்தமும் சிறிது தாழ்வதுண்டு. மெல்ல மூச்சு விடும்பொழுது, மூளையிலிருந்து இதயத்துக்கும் குடலுக்கும் செல்லும் வேகஸ் என்னும் நரம்பு தூண்டப்பெற்று, இதயத் துடிப்பு அமைதியடைகிறது.

முன்னோர் ஒரு நாளைக்கு மனிதனுக்கு 21,600 சுவாஸம் என்று கணக்கிட்டனர். நிமிஷத்துக்குப் பதினைந்து ஆகிறது. ஓய்வாக உள்ளவர் நிமிஷத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை மூச்சு விடுவதாக வைத்தியர் கூறும் அளவுக்குள் அது அடங்குகிறது. ஒரு நாழிகைக்கு 360 சுவாஸம். அத்தனையும் எம்பெருமான் இட்ட பிச்சை. அவற்றுள் எத்தனை அவன் நினைவோடு வந்து போயின என்பதே கேள்வி.

உள்ளத்துக்கு வரும் நன்மை

யோகம் பயில்வோர்க்குப் பதற்றம் குறைவதும், உறக்கம் சீர்படுவதும், சினம் எழும்போதே அதைக் கண்டுகொள்ளும் தெளிவு பிறப்பதும் அநுபவ ஸித்தம். மனத்தெளிவுக்குப் பதஞ்ஜலி காட்டிய மற்றொரு வழி குடும்பத்தார் யாவரும் கைக்கொள்ளத் தக்கது. ஸுகமாயிருப்போரிடம் நட்பு, துன்புறுவோரிடம் இரக்கம், நல்லோரிடம் மகிழ்ச்சி, தீயோரிடம் பொருட்படுத்தாமை என்னும் நான்கே அது. அண்டை வீட்டாரின் ஏற்றம் கண்டு வெதும்பும் உள்ளம், எந்த ஆசனத்தில் அமர்ந்தாலும் அமைதி பெறாது. பாகவதர்களின் மேன்மை கண்டு மகிழ்வது ஸ்ரீவைஷ்ணவ லக்ஷணம் என்று பூர்வாசாரியர்கள் வற்புறுத்தியதும் இதுவே.

கொள்ள வேண்டிய எச்சரிக்கை

மருந்துக்கு மாற்றாக யோகத்தைக் கொள்ளலாகாது. ரத்த அழுத்தம், இதய நோய் உடையோர் மூச்சை அடக்கிப் பிடித்தல் தகாது. கண்ணில் நீரழுத்த நோய் உடையோர் தலைகீழ் ஆசனங்களை விலக்க வேண்டும். கர்ப்பிணிகளும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் வைத்தியரையும் ஆசிரியரையும் கேட்டே பயில வேண்டும். முழங்கால் மடங்காதவர் பத்மாஸனத்துக்காக அதை வருத்த வேண்டுவதில்லை. நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்தாலும் அது ஆசனமே. யோக ந்ருஸிம்ஹனின் திருமேனியில் முழங்கால்களைச் சுற்றி யோகபட்டம் விளங்குவதை ஸேவித்தவர் அறிவர். எல்லாவற்றையும் தாங்குபவனே ஒரு பட்டத்தைத் தாங்கலாகக் காட்டியருளுகிறான். தளர்ந்த உடலினர் ஒரு துணையைப் பற்றி அமர வெட்குவது எதற்கு?

ஒரு நாழிகைப் பயிற்சி

விடியலில் நீராடியபின், வெறும் வயிற்றில், ஒரு நாழிகையை எம்பெருமானுக்கென்று ஒதுக்கலாம். அதை மூன்று கூறாக்கினால் கூறு ஒன்றுக்கு எட்டு நிமிஷம்.

முதற்கூறு உடலுக்கு. கைகளை உயர்த்துதல், குனிதல், முதுகை மெல்ல வளைத்தல் முதலிய எளிய ஆசனங்களை மூச்சோடு இணைத்துச் செய்து, இயன்றவர் தண்டம் ஸமர்ப்பித்து முடிக்கலாம்.

இரண்டாம் கூறு மூச்சுக்கு. கேசவன் முதல் தாமோதரன் ஈறாக உள்ள பன்னிரு திருநாமங்களுள், ஒரு மெல்லிய மூச்சுக்கு ஒரு திருநாமமாக நினைக்கலாம். நிமிஷத்துக்கு ஆறு மூச்சு என்றால் பன்னிரு நாமங்களுக்கு இரண்டு நிமிஷம். நான்கு முறை வலம் வந்தால் எட்டு நிமிஷம். மூச்சை நிறுத்த வேண்டுவதில்லை. திணற வேண்டுவதும் இல்லை. திணறல் தோன்றினால் இயல்பான மூச்சுக்குத் திரும்புக.

மூன்றாம் கூறு உள்ளத்துக்கு. கண்களை மூடி, உத்ஸவத்தில் ஸேவித்த திருமேனியைத் திருவடி தொடங்கித் திருமுடி வரை நினைக்க வேண்டும். மனம் ஓடும், ஓடுவது அதன் இயல்பு. கடிந்துகொள்ளாமல், கன்றை அழைத்து வருவது போல, மீண்டும் திருவடிக்கே அழைத்து வர வேண்டும். நூறு முறை ஓடினால் நூறு முறை அழைத்து வருதலே அன்றைய யோகம்.

உத்ஸவம் சில நாளில் நிறைவுறும். கொடி இறங்கும், பந்தல் பிரியும், அன்பர்கள் தத்தம் ஊர் திரும்புவர். பெருமாள் வாஹனத்தில் உலா வந்த திருக்கோலம், நாள்தோறும் ஒரு நாழிகை ஒன்றி நிற்கும் உள்ளத்தில் நீங்காது எழுந்தருளியிருக்கும். காவலப்பனின் யோகத்தினிடையே ஆளவந்தாரை எட்டிப் பார்த்த எம்பெருமான், அடியார் ஒருவர் வீட்டு மூலையில் பாயை விரித்து அமர்கையில் பாராமல் இருப்பானோ? அவன் பார்வை விழுமிடத்தில் உடலும் உள்ளமும் ஒழுங்காய் இருத்தலே அடியவர் செய்யத்தக்கது. மற்றவை அவன் பொறுப்பு.

சுபம்